ஸ்பானிஷ் ‘யா’ எங்கே வரும், எங்கே வராது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஸ்பானிஷ் படிக்க ஆரம்பித்த முதல் வாரத்திலேயே ‘யா’ எதிரே வந்து நிற்கும். ஒய், ஏ என்று இரண்டே எழுத்து. அகராதியைத் திறந்தால் ‘ஏற்கெனவே’, ‘இப்போது’, ‘உடனே’, ‘பிறகு’, ‘இனி’ என்று ஒன்றோடொன்று ஒட்டாத பொருள்கள் வரிசையாக இருக்கும். நம்மில் பெரும்பாலோர் ஆங்கிலம் வழியாகத்தான் ஸ்பானிஷ் படிக்கிறோம். பாடப்புத்தகம் ‘யா என்றால் ஆல்ரெடி’ என்று சொல்லிவிட்டுப் போய்விடும். பாதி வாக்கியங்களில் அது பொருந்தாது.

ஆங்கிலத்தை நடுவில் நிறுத்தாமல் தமிழிலிருந்தே நேராகப் போனால் இந்தச் சொல் நமக்கு எளிதாகவே பிடிபடும். அதற்கான வசதி நம் பேச்சிலேயே இருக்கிறது. படிப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை அந்த வழியில் விளக்கியிருக்கிறேன்.

ஸ்பானிஷ் வாக்கியங்களைத் தமிழ் எழுத்திலேயே தந்திருக்கிறேன். ‘வ’ வரும் இடங்களில் பல்லை உதட்டில் வைக்காமல், இரண்டு உதடுகளும் லேசாகத் தொடும்படி சொல்லுங்கள். சொல்லின் நடுவில் தனியாக வரும் ‘த’வை ‘அது’ என்பதில் வரும் மென்மையான ஒலியோடு சொன்னால் போதும். ஸ்பானிஷ்காரர்கள் உச்சரிப்பதும் கிட்டத்தட்ட அப்படித்தான்.

‘யா’வுக்குத் தமிழில் ஒரே சொல் சொல்லுங்கள் என்றால் எதைச் சொல்வீர்கள்?

‘ஆச்சு’.

“யா ஸொன் லாஸ் ஒச்சோ” என்றால் மணி எட்டாச்சு. “யா எஸ் தார்தே” என்றால் நேரமாச்சு. “யா யெகோ எல் புஸ்” என்றால் பஸ் வந்தாச்சு. “யா கொமீ” என்றால் சாப்பிட்டாச்சு. “யா எஸ்தா” என்றால் வெறுமனே ‘ஆச்சு’, அதாவது வேலை முடிந்தது.

இதே வாக்கியங்களை ‘யா’ இல்லாமலும் சொல்லலாம், இலக்கணப்படி தப்பில்லை. “ஸொன் லாஸ் ஒச்சோ” என்பது மணி எட்டு என்ற தகவல். மணி கேட்டவருக்குச் சொல்லும் பதில். “யா ஸொன் லாஸ் ஒச்சோ” என்பது இன்னும் படுக்கையைவிட்டு எழாத பிள்ளையிடம் அம்மா சொல்வது. எட்டு ஆகாமல் இருந்தது, இப்போது ஆகிவிட்டது, இனி சும்மா இருக்க முடியாது என்ற மூன்றும் அதில் இருக்கின்றன. தமிழில் ‘மணி எட்டு’ என்பதற்கும் ‘மணி எட்டாச்சு’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் அதுவேதான்.

ஆக, ‘யா’ செய்யும் வேலை ஒன்றுதான். முன்னால் ஒரு நிலை இருந்தது, அது மாறிவிட்டது என்று அறிவிப்பது. ‘ஏற்கெனவே’, ‘இப்போது’, ‘இனி’ என்று அகராதி பிரித்துத் தருவதெல்லாம் இந்த ஒரே வேலை வெவ்வேறு காலத்தோடு சேரும்போது கிடைக்கும் நிழல்கள்.

நடந்துகொண்டிருக்கும் செயலோடும் வருமா? அங்கே ‘ஆச்சு’ பொருந்தாதே?

வரும். “யா யுவேவே” என்றால் மழை பெய்ய ஆரம்பித்துவிட்டது. “யா எஸ்தோய் எங் காஸா” என்றால் வீட்டுக்கு வந்துவிட்டேன். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘யா, வீட்டில் இருக்கிறேன்’. நாம் மாற்றத்தைச் சொல்ல ‘விட்டது’, ‘விட்டேன்’ என்று துணைவினை போடுகிறோம். ஸ்பானிஷ் நிகழ்காலத்தை அப்படியே வைத்துவிட்டு முன்னால் ஒரு ‘யா’ போடுகிறது. ‘-விட்டது’ எங்கெல்லாம் தானாக வாயில் வருகிறதோ, அங்கெல்லாம் ‘யா’ தேவைப்படுமா என்று ஒரு கணம் யோசியுங்கள். பெரும்பாலும் தேவைப்படும்.

இறந்தகாலக் கதையிலும் இதே கணக்குதான். “யா எஸ்தாவா ஸெர்ராதோ” என்றால் நாங்கள் போனபோது கடை மூடியாச்சு. ‘யா’ இந்த நிமிஷத்தோடு கட்டுண்ட சொல் இல்லை. கதை எந்த நேரத்தில் நிற்கிறதோ அந்த நேரத்துக்கு முன்பே மாற்றம் நடந்துவிட்டது என்று சொல்லும், அவ்வளவுதான்.

‘சாப்பிட்டாச்சா?’ என்று ஸ்பானிஷில் கேட்பது எப்படி?

“யா கொமிஸ்தே?” இது ‘நீ’ போட்டுப் பேசுபவரிடம். பெரியவரிடமோ புதியவரிடமோ “யா கொமியோ?” என்று உஸ்தெத் வடிவத்தில், அதாவது ‘நீங்கள்’ போட்டுக் கேட்க வேண்டும். ‘நீ’ என்பதற்குத் ‘தூ’வுக்குப் பதிலாக ‘வோஸ்’ என்று விளிக்கும் அர்ஜென்டினாவிலும் இந்தக் காலத்தில் வினைமுற்று மாறாது. அங்கேயும் “யா கொமிஸ்தே?” தான்.

இங்கே ஆங்கில வழி நம்மைத் தடுமாறவைக்கும். ஆங்கிலத்தில் கேள்விக்குள் ‘ஆல்ரெடி’ போட்டால் ‘அதற்குள்ளேயா?’ என்ற வியப்பு ஏறிவிடும். ஸ்பானிஷில் அப்படி எதுவும் இல்லை. “யா கொமிஸ்தே?” என்பது சாதாரண விசாரிப்பு, நம் ‘சாப்பிட்டாச்சா?’ போலவே. இந்தக் கேள்வியில் ‘யா’வை விட்டுவிட்டு “கொமிஸ்தே?” என்று மட்டும் கேட்டாலும் புரியும். ஆனால் ‘சாப்பிட்டாயா?’ என்று விவரம் கேட்பது போல அது சற்று மொட்டையாக நிற்கும்.

பதில் ஆம் என்றால் “ஸி, யா கொமீ”, அல்லது சுருக்கமாக “ஸி, யா”. இல்லை என்றால் “தொதவீயா நோ”. இந்தப் பதிலை அப்படியே மனப்பாடம் செய்துவிடுங்கள். அடுத்த கேள்வி அதைப் பற்றியதுதான்.

‘இன்னும் இல்லை’ என்பதற்கு “யா நோ” சொன்னால் என்ன தப்பு?

பொருள் தலைகீழாகிவிடும். “யா நோ” என்றால் ‘இனி இல்லை’, ‘இப்போதெல்லாம் இல்லை’. முன்னால் இருந்தது, நின்றுவிட்டது.

“யா நோ வீவோ அக்கீ”: இப்போ நான் இங்கே குடியிருக்கலை, முன்பு இருந்தேன். “யா நோ ஃபூமோ”: சிகரெட்டை விட்டாச்சு. “யா நோ ஆய் பான்”: ரொட்டி தீர்ந்துபோச்சு. ரொட்டிக் கடையில் மாலை ஏழு மணிக்குப் போய்க் கேட்டால் காதில் விழும் பதில் இது. காலை ஆறரைக்குப் போய்க் கேட்டால் “தொதவீயா நோ ஆய் பான்” என்பார்கள். ரொட்டி இன்னும் அடுப்பிலிருந்து வரவில்லை. இரண்டு பதிலுக்கும் பிறகு உங்கள் கையில் ரொட்டி இருக்காது. ஆனால் ஒன்றைக் கேட்டால் கொஞ்ச நேரம் நிற்கலாம், மற்றதைக் கேட்டால் வேறு கடை பார்க்கலாம்.

வேலைக்கு நேர்முகத் தேர்வில் ‘படிப்பு முடித்துவிட்டீர்களா?’ என்று கேட்கும்போது “யா நோ” என்று சொன்னால், ‘இனி படிப்பதாக இல்லை’ என்று எடுத்துக்கொள்ளக்கூடும். அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

‘தொதவீயா’ என்றால் என்ன? ‘யா’வோடு அதற்கு என்ன உறவு?

‘தொதவீயா’ நம்முடைய ‘இன்னும்’. இவ்வளவு கச்சிதமாக இரண்டு மொழிச் சொற்கள் பொருந்துவது அபூர்வம். “தொதவீயா வீவோ அக்கீ”: இன்னும் இங்கேதான் இருக்கிறேன். “தொதவீயா நோ ஆ யெகாதோ”: இன்னும் வரவில்லை. “தொதவீயா மெஹோர்”: இன்னும் நல்லது. இந்த மூன்றுக்கும் ஆங்கிலத்தில் சொல்ல வந்தால், இருப்பதற்கு ஒரு சொல், இல்லாததற்கு ஒரு சொல் என்று மாற்ற வேண்டியிருக்கும். தமிழில் ஒரே ‘இன்னும்’, ஸ்பானிஷில் ஒரே ‘தொதவீயா’. எனவே தமிழில் ‘இன்னும்’ வந்தால் தைரியமாகத் ‘தொதவீயா’ போடுங்கள்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் போடக் கூடாது. ‘இன்னும் ரெண்டு குடுங்க’ என்பதில் வரும் ‘இன்னும்’ எண்ணிக்கையைக் கூட்டுவது. அங்கே “தோஸ் மாஸ்” தான். “தொதவீயா தோஸ்” என்றால் ‘இன்னும் இரண்டு பாக்கி இருக்கிறது’ என்ற தொனி வந்துவிடும்.

இப்போது நான்கையும் சேர்த்துப் பாருங்கள். மழையையே எடுத்துக்கொள்வோம். வானம் மூட்டமாக இருக்கிறது, துளி விழவில்லை: “தொதவீயா நோ யுவேவே”. விழ ஆரம்பித்துவிட்டது: “யா யுவேவே”. ஒரு மணி நேரமாக விடவில்லை: “தொதவீயா யுவேவே”. விட்டாச்சு: “யா நோ யுவேவே”. மாற்றம் நடக்கவில்லை என்றால் ‘தொதவீயா’, நடந்துவிட்டது என்றால் ‘யா’. ‘நோ’ வருவதும் வராததும் மழை இருக்கிறதா இல்லையா என்பதைப் பொறுத்தது, ‘யா’வைப் பொறுத்தது இல்லை. இந்த நான்கையும் உங்கள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சொல்லிப் பழகினால், இந்தச் சொல்லில் முக்கால்வாசி முடிந்தது.

‘அஊன்’ என்றும் ஒரு சொல் வருகிறதே?

அதுவும் ‘இன்னும்’ தான், கொஞ்சம் எழுத்து நடை. ‘தொதவீயா’ வரும் இடத்தில் எல்லாம் ‘அஊன்’ வரலாம். எழுதும்போது மட்டும் கவனம். ‘இன்னும்’ என்ற பொருளில் ‘யு’ எழுத்தின் மேல் அழுத்தக் குறி உண்டு. குறி இல்லாமல் எழுதினால் ‘கூட’, ‘உம்’ என்ற பொருள் வரும். ‘யா’வுக்கு எந்தக் குறியும் கிடையாது.

‘யா நோ’வுக்குப் பின்னால் இறந்தகாலம் வந்தால்?

மெக்சிகோவில் அடிக்கடி கேட்பீர்கள். “யா நோ ஃபுய்” என்றால் ‘அப்புறம் நான் போகவே இல்லை’. போவதாக இருந்தது, ஏதோ காரணத்தால் அந்த எண்ணம் கைவிடப்பட்டது. “நோ ஃபுய்” என்றால் போகவில்லை, அவ்வளவுதான். திட்டம் இருந்ததா இல்லையா என்று அதில் தெரியாது. விருந்துக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாதவர் மறுநாள் நண்பரிடம் “யா நோ ஃபுய்” என்றுதான் ஆரம்பிப்பார்.

யாராவது கூப்பிட்டால் ‘இதோ வரேன்’ என்பதற்கு “யா வெங்கோ” என்று சொல்லலாமா?

கூடாது. தமிழர்கள் எல்லோரும் சறுக்கும் இடம் இது, அதனால் நிதானமாகப் பார்ப்போம்.

நம் பேச்சில், நான் உன்னிடம் போவதை ‘வரேன்’ என்று சொல்வேன். உன் இடத்திலிருந்து பார்த்து எனக்கு நானே வினைச்சொல் போட்டுக்கொள்கிறேன். ஸ்பானிஷில் ‘வெனிர்’ என்ற ‘வா’ வினை, பேசுபவர் இருக்கும் இடத்தை நோக்கி மட்டுமே நடக்கும். நான் அடுத்த அறையிலிருந்து உன்னிடம் வந்தால், என் இடத்தைவிட்டுப் போகிறேன் என்றுதான் கணக்கு. ஆகவே “யா வோய்!” என்று சொல்ல வேண்டும். சொல்லுக்குச் சொல் ‘யா, போகிறேன்’. பொருள் ‘இதோ வந்துட்டேன்!’.

சமையலறையிலிருந்து “ஆ கொமேர்!” என்று குரல் வருகிறது, சாப்பிட வாங்க என்று. மாடியிலிருந்து “யா வோய்!”. ஐந்து நிமிடம் கழித்து மறுபடி குரல். இந்த முறை “கே யா வோய்!”. ‘அதான் வரேன்னு சொன்னேன்ல!’ முன்னால் சேர்ந்த அந்தக் ‘கே’தான் சலிப்பைக் காட்டுகிறது.

அப்படியானால் “யா வெங்கோ” என்று யாருமே சொல்வதில்லையா? சொல்கிறார்கள், கூட இருப்பவர்களைவிட்டு வெளியே கிளம்பும்போது. நண்பர்களோடு உட்கார்ந்திருக்கிறீர்கள், பக்கத்துக் கடைக்குப் போய்த் தண்ணீர் வாங்கி வர வேண்டும். எழுந்து “யா வெங்கோ” என்று சொல்லிவிட்டுப் போகலாம். நம் ‘போயிட்டு வரேன்’ மாதிரி. இந்த இடத்துக்கே திரும்பி வருவேன் என்பதால் ‘வா’ வினை சரியாக அமைகிறது. ஸ்பெயினில் இதே சூழலில் “அஓரா வெங்கோ” என்பது பழக்கம், மெக்சிகோவில் “அஒரீத்தா வெங்கோ”. ஆக, அம்மா கூப்பிடும்போது “யா வெங்கோ” என்று பதில் சொன்னால், ‘நான் வெளியே போய்விட்டு வருகிறேன்’ என்று அர்த்தமாகிவிடும்.

இன்னொன்று. நாம் கிளம்பாமலேயே ‘வந்துட்டேன்’ என்று இறந்தகாலம் போடுகிறோம். அதே பழக்கத்தில் “யா வினே” என்று சொல்லிவிடாதீர்கள். அது உண்மையிலேயே வந்து சேர்ந்தவர் சொல்வது. வழியில் இருந்தால் “யா வோய்”, தெருமுனைக்கு வந்துவிட்டால் “யா யேகோ”.

“யா கொமீ” சரியா, “யா எ கொமீதோ” சரியா?

இரண்டும் சரி. ஊர்தான் வேறு. ஸ்பெயினின் பெரும்பகுதியில் “யா எ கொமீதோ” என்பார்கள். லத்தீன் அமெரிக்காவில் பெரும்பாலும் “யா கொமீ”. ஸ்பெயினுக்குள்ளேயே கலீஸியாவிலும் கனேரித் தீவுகளிலும் “யா கொமீ” பக்கம்தான் சாய்வார்கள்.

எதைப் பேசுவது என்று நீங்கள் பழகும் மனிதர்களை வைத்து முடிவு செய்யுங்கள். ஸெர்வாந்தெஸ் நிறுவனம் நடத்தும் ‘தேலே’ என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வில் எந்த நாட்டு வழக்கையும் ஏற்றுக்கொள்கிறார்கள். ஒன்றைப் பிடித்தால் அதையே கடைசிவரை பிடித்துக்கொள்வது நல்லது. என்னைக் கேட்டால், தொடங்குபவர்களுக்கு “யா கொமீ” எளிது. ஒரே வினைமுற்றில் வேலை முடிந்துவிடுகிறது.

எதிர்காலத்தோடு ‘யா’ வந்தால் ‘முடிந்துவிட்டது’ என்ற பொருள் எப்படி வரும்?

வராது. அங்கே ‘யா’ ஒரு ஆறுதல், ஒரு உறுதி, சில சமயம் ஒரு தள்ளிப்போடல். “யா வெரேமொஸ்” என்றால் ‘பார்க்கலாம்’. அப்பாவிடம் சைக்கிள் கேட்டால் கிடைக்கும் அதே ‘பார்க்கலாம்’. “யா வெராஸ்” என்றால் ‘பாரேன், நடக்கும்’. “யா தே யாமரே” என்றால் ‘நானே கூப்பிடுறேன்’. எப்போது என்று நாள் குறிக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாளும் நேரமும் உறுதியாகச் சொல்ல நினைத்தால் ‘யா’வை விட்டுவிட்டு “தே யாமோ மஞானா” என்று, ‘நாளைக்குக் கூப்பிடுகிறேன்’ எனச் சொல்லுங்கள்.

‘இப்போது’ என்பதற்கு ‘அஓரா’ இருக்கிறதே, பிறகு ஏன் ‘யா’?

‘அஓரா’ நேரத்தைச் சுட்டும். ‘யா’ மாற்றத்தைச் சுட்டும். “அஓரா த்ரபாஹோ எங் காஸா” என்றால் ‘இப்போ வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன்’, முன்பு எப்படியோ. “யா த்ரபாஹோ” என்றால் ‘வேலைக்குப் போக ஆரம்பிச்சுட்டேன்’. “அஓரா நோ” என்றால் ‘இப்போ வேண்டாம்’, பிறகு பார்க்கலாம். “யா நோ” என்றால் இனி இல்லை. குழந்தைக்கு மருந்து கொடுக்கப்போய் “அஓரா நோ” என்று அது சொன்னால் அரை மணி நேரம் கழித்து மறுபடி முயலலாம்.

ஆனால் ‘எவ்வளவு சீக்கிரம்’ என்ற கேள்வியில் ஊருக்கு ஊர் அளவு மாறும். ஏறத்தாழ 50 கோடிப் பேரின் தாய்மொழி, 20 நாடுகளின் ஆட்சிமொழி, அதனால் ஆச்சரியமில்லை. ஸ்பெயினில் “அஓரா வெங்கோ” என்பது ‘இதோ கொஞ்ச நேரத்தில்’. மெக்சிகோவில் ‘அஒரீத்தா’ என்றால் இந்த நொடியாகவும் இருக்கலாம், சாயங்காலமாகவும் இருக்கலாம். குரலையும் முகத்தையும் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வெனிசுவேலாவில் அதே சொல் ‘இப்போதே’. டொமினிக்கன் குடியரசிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் ‘பிறகு’. ‘யா மிஸ்மோ’வும் இப்படித்தான். அர்ஜென்டினாவில் ‘உடனடியாக’, ஈக்வடாரிலும் புவேர்த்தோ ரிக்கோவிலும் ‘சீக்கிரமே, கொஞ்ச நேரத்தில்’. ஈக்வடாரின் தலைநகர் கீத்தோவில் டாக்ஸி ஓட்டுநர் “யா மிஸ்மோ” என்றால் வாசலில் போய் நிற்க அவசரப்பட வேண்டாம்.

சந்தேகமாக இருந்தால் “ஆ கே ஓரா?” என்று நேராகக் கேட்டுவிடுங்கள், ‘எத்தனை மணிக்கு?’ என்று. யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

‘கிட்டத்தட்ட முடிஞ்சிடுச்சு’ என்பதற்கு?

“யா காஸி”. மெக்சிகோவில் “யா மேரோ” என்றும் சொல்வார்கள்.

‘இங்கே வந்து ரெண்டு வருஷம் ஆச்சு’ என்பதை எப்படிச் சொல்வது?

“யா ஆஸெ தோஸ் ஆஞோஸ் கே வீவோ அக்கீ.” நம் ‘ஆச்சு’ மறுபடி அப்படியே ‘யா’வாக வந்து உட்காருவதைப் பாருங்கள். ‘யா’ இல்லாவிட்டாலும் வாக்கியம் நிற்கும். சேர்த்தால் ‘அட, இவ்வளவு நாளாச்சே’ என்ற உணர்வு கூடும். இந்த வாக்கியத்தில் ‘வீவோ’ நிகழ்காலத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் இன்னும் இங்கேதான் இருக்கிறீர்கள். இதையே “யேவோ யா தோஸ் ஆஞோஸ் அக்கீ” என்றும் சொல்லலாம், இது பேச்சில் இன்னும் இயல்பு.

வாக்கியத்தில் ‘யா’ எங்கே நிற்கும்?

வினைக்கு முன்னால். ‘லோ’, ‘லா’, ‘மே’, ‘தே’ போன்ற சிறு சொற்கள் இருந்தால் அவற்றுக்கும் முன்னால்: “யா லோ வி”, அதாவது ‘அதைப் பார்த்தாச்சு’. “லோ யா வி” என்பது தப்பு. “யா எ கொமீதோ” என்பதை “எ யா கொமீதோ” என்று நடுவில் பிளந்தாலும் காதுக்கு உறுத்தும். வாக்கியத்தின் கடைசியிலும் வரலாம். கட்டளையில் அங்கே வந்தால் வேகம் கூடும்: “வென் யா!”, ‘இப்பவே வா!’. ஓட்டப்பந்தயத்தில் “ப்ரெபராதோஸ், லிஸ்தோஸ், யா!” என்று கத்துவதும் இந்த வகைதான்.

‘யா’ என்று மட்டும் தனியாகச் சொல்கிறார்களே, அது ஜெர்மன் ‘யா’ போல ‘ஆமாம்’ என்பதா?

ஒலி ஒன்று, சொல் வேறு. ஸ்பெயினில் பேச்சின் நடுவே வரும் “யா” என்பது ‘ம், புரியுது’. நீட்டி “யா, யாஆ” என்றால் ‘நம்பிட்டேன் போ’ என்ற சந்தேகம். பெருவிலும் சிலியிலும் “யா” என்பது ‘சரி’. சிலியில் “யா போ” என்று ஒட்டிக்கொண்டே வரும். நீங்கள் ஏதாவது விளக்கும்போது எதிரில் இருப்பவர் “யா… யா…” என்று சொல்லிக்கொண்டிருந்தால், அவசரப்படுத்துகிறார் என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். காது கொடுத்துக் கேட்கிறார் என்றுதான் பொருள்.

ஒரு எச்சரிக்கை: “யா லோ ஸே”. ‘தெரியும்’ என்று சாதாரணமாகச் சொல்ல நினைத்து இதைச் சொன்னால், ‘அதான் தெரியுமே!’ என்ற வெடுக்குத் தொனி வரலாம். மேலதிகாரி எதையாவது நினைவூட்டினால் “ஸி, க்ராஸியாஸ்” என்பது பாதுகாப்பு.

‘யா கே’ என்பதும் காலம் காட்டுவதா?

இல்லை. அது காரணம். “யா கே எஸ்தாஸ் அக்கீ, அயூதமே”: ‘இங்கே இருக்கேல்ல, கொஞ்சம் ஒத்தாசை பண்ணு’. நம் ‘எப்படியும் இருக்கிறதால’ போல. “யா ஸேயா… ஓ…” என்பது ‘இதுவானாலும் சரி, அதுவானாலும் சரி’. இரண்டையும் தனித் தொடர்களாகவே வைத்துக்கொள்ளுங்கள், காலக் கணக்கோடு குழப்ப வேண்டாம்.

ஊர்வலங்களில், சுவரெழுத்துகளில் ‘யா’ ஏன் இவ்வளவு வருகிறது?

பொறுத்தது போதும் என்று ஒரே அசையில் சொல்ல முடிவதால். மெக்சிகோவின் சியாபாஸில் 1994 ஜனவரி 1 அன்று ஸபாத்திஸ்தாக்கள் என்ற பழங்குடி உரிமைப் போராளிகள் கிளர்ந்து எழுந்தபோது உலகம் முழுக்கப் பரவிய முழக்கம் “யா பாஸ்தா!”. ஸ்பெயினின் பாஸ்க் பகுதியில் தனிநாடு கேட்டுப் போராடிய எத்தா அமைப்பின் வன்முறைக்கு எதிராக 1999-இல் எழுந்த குடிமக்கள் அமைப்பின் பெயர் “பாஸ்தா யா”. ஐரோப்பிய நாடாளுமன்றம் அதற்கு 2000-ஆம் ஆண்டின் சகாரவ் மனித உரிமைப் பரிசை அளித்தது. 2011 மே 15 அன்று ஸ்பெயின் நகரங்களில் மக்களைத் தெருவுக்கு அழைத்த அமைப்பு “தெமொக்ராஸியா ரெயால் யா”, அதாவது ‘உண்மையான ஜனநாயகம், இப்போதே’.

முதல் இரண்டிலும் ‘யா’ இடம் மாறி நிற்கிறது, பொருள் மாறவில்லை. மூன்றாவதில் வினையே இல்லை. அங்கே ‘யா’ முழுக்க முழுக்க ‘இப்போதே’. இதை “அஓரா” என்று மாற்றிப் பாருங்கள், பொருள் வரும், ஆனால் அந்த வேகம் வராது.

உச்சரிப்பு எல்லா ஊரிலும் ‘யா’ தானா?

பெரும்பாலும். அர்ஜென்டினாவின் புவெனொஸ் ஐரெஸிலும் உருகுவேயின் மொந்தெவிதேயோவிலும் ‘ஷா’ என்று கேட்கும். “ஷா வோய்” என்றால் அதே “யா வோய்” தான். இன்னும் சில ஊர்களில் அழுத்திச் சொல்லும்போது ‘ஜா’ பக்கம் நகரும்.

காதுக்கு இன்னொரு பொறி உண்டு. “யா தி?” என்று ஒன்று விழும். அதில் நம் ‘யா’ இல்லை. ‘இ’, ‘ஆ’ என்ற இரண்டு சொற்கள் ஒட்டிக்கொண்டு ‘உனக்கு?’ என்று கேட்கின்றன. பின்னால் ‘மீ’, ‘தி’, ‘எல்’, ‘எயா’ வந்தால் அது பெரும்பாலும் இந்த வகை. பின்னால் வினை வந்தால் உண்மையான ‘யா’.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

லத்தீன் ‘யாம்’. போர்ச்சுகீஸிலும் இத்தாலியத்திலும் ‘ஜா’ என்று ஒலிக்கும் சொற்கள் இதன் உடன்பிறப்புகள். பிரெஞ்சு ‘தேஜா’வின் வாலும் இதுவே. அவற்றில் ஏதாவது ஒன்று தெரிந்தவர்கள் பொருளை அப்படியே கொண்டுவரலாம் என்று எண்ண வேண்டாம். ஸ்பானிஷ் ‘யா’வின் வீச்சு அந்தப் பிரெஞ்சுச் சொல்லைவிட மிகவும் பெரியது.

திருத்திப் பழக சில வாக்கியங்கள் தர முடியுமா?

தமிழ் பேசுபவர்கள் எழுதும் வாக்கியங்களில் நான் அதிகம் சிவப்பு மை வைப்பவை இவை.

‘ரயில் இன்னும் வரலை’ என்பதற்கு “எல் த்ரென் யா நோ ஆ யெகாதோ” என்று எழுதுவார்கள். “எல் த்ரென் தொதவீயா நோ ஆ யெகாதோ” என்று இருக்க வேண்டும். மெக்சிகோவில் “தொதவீயா நோ யேகா” என்று நிகழ்காலத்தில் சொல்வதையும் கேட்பீர்கள், அதுவும் சரியே.

‘அவர் இப்போ இந்த ஆபீஸ்ல இல்லை, மாறிப் போயிட்டார்’ என்பதற்கு “அஓரா நோ த்ரபாஹா அக்கீ” என்று எழுதினால் புரியும், ஆனால் சற்று முடிந்தும் முடியாததுமாக நிற்கும். “யா நோ த்ரபாஹா அக்கீ” என்றால் ஆள் போயாச்சு என்பது தெளிவு.

‘ஹோம்வொர்க் முடிச்சாச்சு’ என்பதற்கு வெறும் “தெர்மினே லா தாரேயா” என்று எழுதுவார்கள். தப்பே இல்லை. ஆனால் ‘முடிச்சாச்சு, இனி விளையாடப் போகலாமா?’ என்று கேட்கப்போகும் பிள்ளை “யா தெர்மினே லா தாரேயா” என்றுதான் சொல்லும்.

‘கிளம்பிட்டேன், பத்து நிமிஷத்துல அங்க இருப்பேன்’ என்று நண்பருக்குத் தகவல் அனுப்ப “யா வெங்கோ” என்று எழுதியிருப்பார்கள். “யா வோய், எஸ்தோய் அயீ என் தியேஸ் மினூத்தோஸ்” என்று எழுதுங்கள். இன்னும் சட்டையே மாட்டவில்லை என்றால் “யா காஸி ஸால்கோ” போதும், ‘கிளம்பப்போறேன்’ என்று.